லாக்டைட் போட்டு இறுகிப்போன துப்பாக்கி ஸ்க்ரூவைக் கழற்றுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் ரைஃபிள் வைத்திருப்பவர்கள் ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) மாட்டுவதையும் கழற்றுவதையும் பெரும்பாலும் வீட்டு மேசையிலேயே முடித்துக்கொள்கிறார்கள். மாட்டும்போது, ஸ்க்ரூ தானாகத் தளராமல் பிடிக்கும் பசையான திரெட்லாக்கர் ஒரு சொட்டு போதும். கழற்றும்போதுதான் வம்பு. ஸ்கோப்பைத் தாங்கும் பேஸ், அதைக் கவ்வும் ரிங், பிஸ்டல் ஸ்லைடில் உட்காரும் ரெட் டாட் (சிவப்புப் புள்ளியால் குறி காட்டும் கருவி) போன்ற இடங்களில் உள்ள சின்ன ஸ்க்ரூக்களைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம். திரெட்லாக்கர் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் பட்டறையில் அதற்குப் பெயர் லாக்டைட்தான். இங்கேயும் அப்படியே.

முதலில் எதைச் செய்ய வேண்டும்?

மேகசினைக் கழற்றுங்கள். ரைஃபிளின் போல்ட்டையோ பிஸ்டலின் ஸ்லைடையோ பின்னால் இழுத்து, தோட்டா உட்காரும் சேம்பர் காலியா என்று கண்ணால் பாருங்கள், விரலை விட்டும் பாருங்கள். தோட்டாப் பெட்டி அந்த அறையிலேயே இருக்க வேண்டாம். எல்லாத் துப்பாக்கி வேலைக்கும் இதுதான் முதல் விதி. இந்த வேலையில் சூடு காட்டப்போகிறோம் என்பதால் இன்னும் கண்டிப்பு தேவை. சேம்பரில் மறந்துபோன தோட்டா சூட்டிலேயே வெடிக்கும், ட்ரிக்கரைத் தொடவே வேண்டாம். போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளாக இருந்தால் போல்ட்டை உருவித் தனியாக வைத்துவிடுவது நல்லது.

ஸ்க்ரூவைப் பிடித்திருப்பது லாக்டைட்தான் என்று எப்படித் தெரியும்?

தலையின் ஓரத்தில் நீலமாகவோ சிவப்பாகவோ காய்ந்த கோடு தெரிந்தால் சந்தேகமே இல்லை. பக்கத்து ஸ்க்ரூ ஒன்று கழன்றுவிட்டதா? அதன் மரையைப் பாருங்கள். மரை இடுக்கில் வெளிர் தூள் ஒட்டியிருந்தால் மீதி ஸ்க்ரூக்களிலும் அதுதான். செம்பழுப்பாக இருந்தால் துரு.

கழலும் விதத்திலும் வித்தியாசம் தெரியும். அளவுக்கு மீறி முறுக்கப்பட்ட ஸ்க்ரூ ஒரு 'டக்' சத்தத்தோடு விட்டுக்கொடுத்து, பிறகு விரலாலேயே சுழலும். லாக்டைட் போட்டது அப்படி வராது. முதல் பிடிப்பு விட்ட பிறகும் கடைசி மரை வரை கரகரவென்று அரைத்துக்கொண்டே வரும். அந்தக் கரகரப்பு கைக்குத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், மரை பிய்ந்து வரவில்லை. காய்ந்த பசை உதிர்கிறது, அவ்வளவுதான்.

துரு ஏறிய ஸ்க்ரூவுக்கும் லாக்டைட் போட்ட ஸ்க்ரூவுக்கும் வைத்தியம் வேறு வேறு. அதனால்தான் இந்தக் கேள்வி முதலிலேயே வருகிறது.

ஒரு சொட்டு திரவம் இவ்வளவு பிடிவாதம் பிடிப்பது எப்படி?

1953-இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில், டிரினிட்டி கல்லூரி வேதியியல் பேராசிரியர் வெர்னான் கிரீபிள் இதை உருவாக்கினார். காற்றுப் பட்டுக்கொண்டிருக்கும் வரை இது திரவம். காற்று கிடைக்காமல், இரும்பு, செம்பு போன்ற உலோகத்தைத் தொட்டுக்கொண்டும் இருந்தால் இறுகிக் கெட்டிப் பிளாஸ்டிக் ஆகிவிடும். மரைக்குள் இரண்டும் ஒன்றாக அமைகின்றன. பாட்டிலை முழுக்க நிரப்பாமல் விற்பதற்கும் இதுவே காரணம். உள்ளே காற்று இருந்தால்தான் அது திரவமாகவே இருக்கும். கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று நினைக்க வேண்டாம்.

ஆகவே நாம் மல்லுக்கட்டுவது ஒரு பிளாஸ்டிக்கோடு. பிளாஸ்டிக்கின் பலவீனம் சூடு. மற்றதெல்லாம் இந்த ஒரு விஷயத்திலிருந்து வருவதுதான்.

நிறத்தைப் பார்த்து எவ்வளவு இறுக்கம் என்று சொல்ல முடியுமா?

ஓரளவுக்கு. லாக்டைட் கம்பெனியின் வரிசையில் 222 ஊதா, 6 மில்லிமீட்டருக்கு உட்பட்ட சின்ன ஸ்க்ரூக்களுக்கானது. 242, 243 நீலம், நடுத்தரப் பிடிப்பு. இந்த இரண்டும் சாதாரணக் கைக்கருவியில் கழலும்படியே செய்யப்பட்டவை. 271 சிவப்பு, சூடு இல்லாமல் கழற்றக் கூடாது. 290 பச்சை, ஏற்கனவே மாட்டிய ஸ்க்ரூவின் ஓரத்தில் விட்டால் தானாக உள்ளே ஊறிப்போகும். மற்ற கம்பெனிகள் இதே நிற ஒழுங்கைப் பின்பற்றியே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

நீலம்தானே என்று அசட்டையாக இருக்கவும் வேண்டாம். நீலம் 6 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட ஸ்க்ரூக்களை மனதில் வைத்துச் செய்தது. ஸ்கோப் பேஸில் வரும் 6-48 (6-ஆம் எண் அளவு, அங்குலத்துக்கு 48 மரை) ஸ்க்ரூவின் விட்டமோ 3.5 மில்லிமீட்டர்தான். அதில் மரை முழுக்க நீலத்தைப் பூசி வைத்திருந்தால், பசை விடுவதற்கு முன் ஸ்க்ரூவின் தலை போய்விடும். வீட்டு மேசையில் சேதம் சிவப்பால் மட்டுமல்ல, அளவுக்கு மீறிப் போட்ட நீலத்தாலும் நடக்கும்.

டபிள்யூடி-40 அடித்து ஊற வைத்தால் போதாதா?

துருவாக இருந்தால் உதவும். இறுகிய லாக்டைட்டை அது கரைக்காது. அசிட்டோனும் வெளியே வழிந்த பசையைத் துடைக்கத்தான் பயன்படும், மரை இடுக்கில் நுழைந்து கரைக்காது. மேலும், எண்ணெயையும் அசிட்டோனையும் ஊற்றி நனைத்துவிட்டு அதே இடத்தில் சூடு வைத்தால் தீப்பிடிக்கும். குழல் துடைக்கும் சால்வென்ட்டும் அப்படியே. சூடு காட்டப்போகிற இடம் காய்ந்திருக்க வேண்டும்.

சரி, எவ்வளவு சூடு? எதை வைத்துக் காட்டுவது?

நீலத்துக்கு 150 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே பிடி தளர ஆரம்பிக்கும். சிவப்புக்கு 250 டிகிரி பக்கம் போக வேண்டும். இது ஸ்க்ரூவுக்குத் தேவையான சூடு, துப்பாக்கிக்கு அல்ல. ஆகவே சூட்டை ஸ்க்ரூவின் தலைக்குள் மட்டும் இறக்க வேண்டும். அதற்குச் சால்டரிங் அயர்னை விடப் பொருத்தமான கருவி கிடையாது.

40 முதல் 60 வாட் அயர்ன் போதும். முனையைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, ஸ்க்ரூ தலையின் பள்ளத்துக்குள் வையுங்கள். முனை பள்ளத்தின் அடியையும் சுவரையும் தொட வேண்டும். மேலோட்டமாக ஒரு புள்ளியில் தொட்டுக்கொண்டிருந்தால் சூடு இறங்காது. முனையில் துளி ஈயம் உருக்கி வைத்தால் சூடு வேகமாகப் பாயும், ஆனால் அது பள்ளத்தில் தங்கிவிட்டால் பிட் (ஸ்க்ரூடிரைவரில் மாட்டும் முனை) நுழையாது. அதனால் நான் அதைச் செய்யச் சொல்வதில்லை. அலுமினிய ரிங்கில் உள்ள சின்ன ஸ்க்ரூவுக்கு ஒன்றிரண்டு நிமிடம் போதுமானது. தடித்த எஃகு ரிசீவரில் (போல்ட் ஓடும் நடு உடல்) இறங்கிய பேஸ் ஸ்க்ரூ என்றால் ரிசீவரே சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். மூன்று நான்கு நிமிடம் பிடிக்கலாம், சில சமயம் பெரிய அயர்னும் தேவைப்படும்.

அயர்னை எடுத்த கையோடு பிட்டை வைத்துத் திருப்புங்கள். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். அயர்னைக் கீழே வைத்து, பிட்டைத் தேடி, கைப்பிடியில் மாட்டி முடிப்பதற்குள் ஸ்க்ரூ ஆறிவிடும், பசையும் மீண்டும் கெட்டியாகிவிடும். பிட்டைத் தயாராக மாட்டி வலது கையில் வைத்துக்கொண்டு, அயர்னை இடது கையில் பிடியுங்கள். முதல் தடவை அசையாவிட்டால் பலத்தைக் கூட்டாதீர்கள், சூட்டைக் கூட்டுங்கள்.

அலுமினிய மவுண்ட்டில் (ஸ்கோப்பைப் பிடிக்கும் பேஸ், ரிங்) இன்னொரு வசதியும் உண்டு. அதே சூட்டுக்கு அலுமினியம் எஃகைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிவதால், மவுண்ட்டும் கொஞ்சம் சூடேறினால் ஓட்டையே சற்றுத் தளர்ந்து கொடுக்கும்.

சூடான லாக்டைட்டிலிருந்து வரும் புகையை முகர வேண்டாம். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

பிட் ஏதோ ஒன்று போதாதா?

போதாது. இந்த வேலையில் பாதி வெற்றி பிட்டில்தான். நட்சத்திரப் பள்ளம் உள்ள டார்க்ஸ் தலைக்குச் சரியான எண் வேண்டும்: ஸ்கோப் ரிங், பேஸ்களில் பெரும்பாலும் டி15, ரெட் டாட்களில் பெரும்பாலும் டி10. அருகில் உள்ள எண்ணும் உள்ளே நுழையும், ஆனால் ஆடும். ஆடினால் நட்சத்திரத்தின் ஆறு முனையும் வழித்துக்கொண்டு போய்விடும். பள்ளத்தில் காய்ந்த பசையோ தூசியோ இருந்தால் ஊசியால் நோண்டி எடுத்த பிறகே பிட்டை இறக்குங்கள். பிட் அடி வரை உட்கார வேண்டும்.

பழைய ரைஃபிள்களில் ஒற்றைக் கோடு போட்ட ஸ்க்ரூ வரும். கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்க்ரூடிரைவரின் முனை ஆப்பு மாதிரி சரிந்திருக்கும். அதைத் திருப்பும்போது பள்ளத்தின் மேல் விளிம்பை மட்டும் தொட்டு, நெம்பி, வெளியே ஏறிவிடும். பளபளக்கும் ரிசீவரில் குறுக்கே ஒரு கீறலும் விழும். துப்பாக்கி வேலைக்கென்று விற்கும் பிட்களின் முனை இரு பக்கமும் இணையாக இருக்கும். பள்ளத்தின் அகலத்துக்கும் நீளத்துக்கும் பொருந்துவதைத் தேர்ந்தெடுங்கள்.

துப்பாக்கி ஆடாமல் இருக்கும்படி பிடிப்பில் வையுங்கள். திருப்பும் விசையை விடக் கீழே அழுத்தும் விசை அதிகமாக இருக்கட்டும். டிரில் பிரஸ் வைத்திருப்பவர்கள் பிட்டை அதன் சக்கில் மாட்டி, மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு, கைப்பிடியால் கீழே அழுத்தியபடி சக்கைக் கையால் திருப்புவார்கள். பிட் மேலே ஏறவே முடியாது. கேட்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் வேலை செய்யும்.

கேஸ் டார்ச் வைத்தால் சீக்கிரம் முடியுமே?

முடியும், துப்பாக்கியும் முடிந்துவிடும். ரிசீவரும் போல்ட்டும் குறிப்பிட்ட கடினத்துக்கு வெப்பப் பதம் செய்யப்பட்டவை. டார்ச்சின் தீ எங்கே எவ்வளவு ஏறுகிறது என்று உங்களால் கணக்கு வைக்க முடியாது. தேய்த்துப் பளபளப்பாக்கிய எஃகு ஏறக்குறைய 230 டிகிரியில் வைக்கோல் நிறம் காட்டும், 300-ஐ நெருங்கும்போது நீலமாகும். ஸ்க்ரூ தலை நிறம் மாறினால் பரவாயில்லை, ஸ்க்ரூ புதிதாக வாங்கிக்கொள்ளலாம். ரிசீவரில் அந்த நிறம் படர்ந்தால் அளவு மீறிவிட்டது என்று பொருள். அலுமினிய ரிசீவராக இருந்தால் நிறம் கூட எச்சரிக்காது. 7075 வகை அலுமினியம் 200 டிகிரியில் கொஞ்ச நேரம் இருந்தாலே பலத்தை இழக்கும்.

இரட்டைக் குழல் துப்பாக்கிக்குத் தனி எச்சரிக்கை. பல பழைய துப்பாக்கிகளில் இரண்டு குழல்களுக்கு நடுவே ஓடும் பட்டை ஈய சால்டரால் ஒட்டப்பட்டது. அந்த சால்டர் 190 டிகிரிக்குள்ளேயே உருக ஆரம்பிக்கும். ஒரு ஸ்க்ரூவுக்காகச் சூடு காட்டி, பட்டையே பிரிந்துவிட்டால் அதைத் திரும்ப ஒட்டுவது பெரிய வேலை, பெரிய செலவு.

ஹீட் கன் நடுவழி. எஃகு பேஸ் மொத்தமும் சூடேற வேண்டிய இடத்தில், துப்பாக்கியின் மரக்கட்டையையும் ஸ்கோப்பையும் கழற்றிவிட்டு, கவனமாகப் பயன்படுத்தலாம்.

ரெட் டாட் கண்ணாடிக்குப் பக்கத்திலேயே ஸ்க்ரூ இருக்கிறது. சூடு காட்டலாமா?

சில ரெட் டாட்களில் பேட்டரி அடியில் இருப்பதால், பேட்டரி மாற்றக் கழற்றியே ஆக வேண்டும். ஆகவே இது அடிக்கடி வரும் கேள்வி. உள்ளே மின்னணுப் பாகம், ஒட்டிய கண்ணாடி, ரப்பர் சீல் எல்லாம் இருக்கின்றன. ஹீட் கன் வேண்டவே வேண்டாம். சால்டரிங் அயர்னை ஸ்க்ரூ தலைக்குள் மட்டும், அதுவும் அரை நிமிடம் வைத்து முயன்று பார்த்து, பிறகு ஆறவிட்டு, மறுபடி. பக்கத்தில் கையை வைத்துப் பாருங்கள். ரெட் டாட்டின் உடலைத் தொட முடியாத அளவுக்குச் சுட்டால் நிறுத்திவிடுங்கள். ஸ்லைடைப் பிஸ்டலிலிருந்து தனியாகக் கழற்றிவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். கீழே இருக்கும் பாலிமர் ஃபிரேம் சூட்டுக்கு ஆகாது.

சூடு காட்டியும் அசையவில்லை. அடுத்து?

பிட்டைத் தலையில் நேராக வைத்து, அதன் பின்புறம் சின்னச் சுத்தியலால் நாலைந்து தட்டு தட்டுங்கள். அடி அல்ல, தட்டு. பசைப் படலத்தில் விரிசல் விழ அது போதும். பிறகு கொஞ்சம் இறுக்கும் திசையில் முயன்று, உடனே கழற்றும் திசையில் முயலுங்கள். மீண்டும் சூடு, மீண்டும் தட்டு. மோட்டார் உள்ள இம்பாக்ட் டிரைவரை 3.5 மில்லிமீட்டர் ஸ்க்ரூவில் வைக்க வேண்டாம். ஒரு நொடியில் தலை தனியே வந்து விழும்.

தலை வழுக்கிவிட்டது. இனி?

டார்க்ஸ் பள்ளம் வழித்துப்போன நிலையில், ஒரு அளவு பெரிய பிட்டைச் சுத்தியலால் மெல்ல உள்ளே இறக்கிப் பார்க்கலாம். அது முடியாவிட்டால், தலை மேலே துருத்திக்கொண்டிருந்தால், ரோட்டரி கருவியின் மெல்லிய வெட்டுத்தட்டால் குறுக்கே ஒரு கோடு வெட்டி, தட்டை பிட்டால் திருப்பலாம். வெட்டும்போது ஸ்கோப் கண்ணாடியை மூடி வையுங்கள். பறக்கும் பொறி கண்ணாடியில் பதிந்துவிடும்.

அதுவும் ஆகாவிட்டால் தலையையே துளைத்து எடுத்துவிடுவது. ரிங் ஸ்க்ரூவுக்கு இது நான் தயங்காமல் சொல்லும் வழி. தலை போனதும் இழுவிசையும் போய்விடும். ரிங்கின் மேல் பாதியைத் தூக்கி எடுத்தால், மிச்சமிருக்கும் தண்டு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அதற்குச் சூடு காட்டி, பிளையரால் பிடித்துத் திருப்பினால் பெரும்பாலும் மறுப்புச் சொல்லாமல் வரும். இடது கைப் புரி டிரில் பிட் கிடைத்தால் அதையே எடுங்கள். துளைக்கும்போதே ஸ்க்ரூவைக் கழற்றும் பக்கமாகத் திருப்பும் என்பதால் சில சமயம் பாதித் துளையிலேயே ஸ்க்ரூ வெளியே வந்துவிடும்.

ஸ்க்ரூவைத் துளைத்து உள்ளே கவ்வித் திருப்பும் எக்ஸ்ட்ராக்டரைச் சின்ன அளவில் நம்பி இறங்காதீர்கள். அது கெட்டி எஃகு, வளையாது, ஒடியும். உள்ளே ஒடிந்த எக்ஸ்ட்ராக்டரைச் சாதாரண டிரில் தொடக்கூட முடியாது.

தண்டு ரிசீவருக்குள்ளேயே முறிந்துவிட்டால்?

இங்கே நிறுத்திக்கொண்டு கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) கொண்டுபோங்கள். முன் பக்க பேஸ் ஸ்க்ரூவின் ஓட்டைக்கு நேர் கீழே குழலின் மரையோ, போல்ட் பூட்டும் இடமோ இருக்கும். டிரில் அரை மில்லிமீட்டர் அதிகம் இறங்கினாலும் சேதம் அழுத்தம் தாங்கும் பகுதியில். மில்லிங் மெஷினில் கட்டி, ஆழம் அளந்து செய்கிற வேலை அது.

குழல் முனையில் மாட்டிய மசில் பிரேக் அசையவே இல்லை, எவ்வளவு சூடு காட்டினாலும்.

அதில் லாக்டைட் இல்லாமல் ராக்செட் இருக்கலாம். சுடும்போது குழல் முனை எப்படியும் சூடேறுமே, அங்கே சாதாரண லாக்டைட் நிற்காது என்பதால் பலர் இந்த பீங்கான் வகைப் பசையைப் போடுகிறார்கள். ஆயிரம் டிகிரிக்கும் அசையாது. தண்ணீருக்கு மட்டும் அசையும். குழல் முனையை வெந்நீரில் இறக்கி இரவு முழுக்க ஊறவிட்டு, குழலைச் சரியான பிடிப்பில் கட்டி, ஸ்பேனர் போட்டால் விடும். வேலை முடிந்ததும் உள்ளேயும் வெளியேயும் துடைத்து எண்ணெய் பூச மறக்காதீர்கள்.

கழற்றவே கூடாத ஸ்க்ரூ உண்டா?

உண்டு. ட்ரிக்கர் தொகுதியில் வார்னிஷ் அல்லது பெயின்ட் பொட்டு வைத்து மூடிய ஸ்க்ரூக்கள் தொழிற்சாலையில் அளந்து வைத்தவை. அவற்றைத் தளர்த்தினால் துப்பாக்கி தானாகச் சுடும் நிலைக்குப் போகலாம். ஏஆர்-15 ரைஃபிளின் போல்ட் கேரியர் மேல் உள்ள கேஸ் கீ (வாயுவை உள்ளே விடும் பாகம்) ஸ்க்ரூக்களைச் சுற்றி உலோகத்தைக் குத்தி நெளித்திருப்பார்கள், அதுவும் பசை வேலை இல்லை. அங்கே சூடு காட்டி ஒரு பயனும் இல்லை.

இந்தியாவில் இருக்கும் துப்பாக்கிக்கு இதையெல்லாம் வீட்டில் செய்யலாமா?

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதையும் உரிமம் வேண்டிய வேலைகளில் சேர்த்திருக்கிறது. எனவே டிரில்லும் சூடும் தேவைப்படும் வேலையை உரிமம் உள்ள கடையிடம் விடுங்கள்.

கழன்றுவிட்டது. மரையில் ஒட்டியிருக்கும் பசையை என்ன செய்வது?

ஸ்க்ரூவைப் பித்தளைக் கம்பி பிரஷால் தேய்த்தால் தூளாக உதிரும். தலையில் அயர்ன் வைத்த ஸ்க்ரூவையோ, பள்ளம் கொஞ்சம் வழித்த ஸ்க்ரூவையோ திரும்பப் போடாதீர்கள். புதிய ஸ்க்ரூவின் விலை ஒரு காபிக் காசு. ஓட்டைக்குள் இருப்பதை நைலான் பிரஷும் அசிட்டோனும் கொண்டு எடுங்கள், உலோகம் ஆறிய பிறகு. அசிட்டோன் மரக்கட்டையின் பாலிஷையும் சில பிளாஸ்டிக்குகளையும் தின்றுவிடும், துணியில் நனைத்தே பயன்படுத்துங்கள். டேப் (மரை வெட்டும் கருவி) விட்டு மரையைச் சுத்தம் செய்வதென்றால் அங்குலத்துக்கு 48 மரையா 40 மரையா என்று அளந்து பாருங்கள். 6-48-க்கும் 8-40-க்கும் விட்ட வித்தியாசம் 0.7 மில்லிமீட்டருக்கும் கீழே. தவறான டேப்பை விட்டால் பழைய மரை திரும்பி வராது.

அடுத்த தடவை இந்தப் பாடு படாமல் மாட்டுவது எப்படி?

எண்ணெய்ப் பசையை முழுக்கத் துடைத்துவிட்டு, சின்ன ஸ்க்ரூவுக்கு ஊதாவை எடுங்கள், இல்லையென்றால் நீலத்தில் குண்டூசித் தலையளவு, நடு மரையில் மட்டும். முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச் வாங்குங்கள். ரிங் ஸ்க்ரூக்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படுவது 15 முதல் 18 இஞ்ச் பவுண்டு, அதாவது 1.7 முதல் 2 நியூட்டன் மீட்டர். உங்கள் மவுண்ட்டோடு வந்த தாளில் வேறு எண் இருந்தால் அதுவே சரி. சில கம்பெனிகள் ரிங்கின் மேல் ஸ்க்ரூக்களுக்கு லாக்டைட்டே வேண்டாம் என்கின்றன. ஈரமான லாக்டைட் மரையை வழுவழுப்பாக்கி, அதே முறுக்குக்கு அதிக இறுக்கம் கொடுத்து ஸ்கோப் குழாயை நசுக்கிவிடும் என்பதுதான் காரணம். முழுசாக இறுக ஒரு நாள் விட வேண்டும். ஸ்டெயின்லஸ் ஸ்க்ரூவும் அனோடைஸ் செய்த அலுமினியமும் சேர்ந்தால் அதற்கு மேலும் நேரம் பிடிக்கும்.

கடைசியாக, பெயின்ட் பேனாவால் ஸ்க்ரூ தலையிலிருந்து மவுண்ட் வரை ஒரு கோடு இழுத்துவிடுங்கள். கோடு உடையாமல் நேராக இருக்கும் வரை ஸ்க்ரூ நகரவில்லை. ஒவ்வொரு தடவையும் ரென்ச்சைப் போட்டு இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பார்க்கும் ஆசையும் வராது.